மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் முழுப் பக்கமும் ஏன் மறைய வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சான்றிதழ், கல்லூரிச் சேர்க்கை, தேர்வு விண்ணப்பம் என்று எதற்காக ஆன்லைனில் போனாலும் ஜனங்கள் ஒரே குறையைச் சொல்கிறார்கள். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்த உடனே திரை வெள்ளையாகிவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துப் பக்கம் திரும்ப வரும்போது ஏற்கெனவே நிரப்பியதில் பாதி காணாமல் போயிருக்கிறது, பக்கமும் உச்சிக்குப் போய் நிற்கிறது. எல்லோரும் நெட்டைத் திட்டுகிறார்கள், இல்லையென்றால் கையில் இருக்கும் போனைத் திட்டுகிறார்கள். நெட் மெதுவாக இருப்பது உண்மைதான். ஆனால் அந்த மெதுவான நெட்டில் எவ்வளவு சுமையை ஏற்றுவது என்று முடிவு செய்தவர்கள் அந்தப் பக்கத்தை எழுதியவர்கள். ஜாவா என்ற நிரல்மொழியில் வெப் அப்ளிகேஷன் எழுதுவதுதான் என் தொழில் என்பதால் இதைச் சொல்கிறேன்: இந்தத் தொல்லைக்கான மருந்து ஜாவா உலகத்தில் 2009-ஆம் ஆண்டிலேயே தர நிர்ணயத்துக்குள் வந்துவிட்டது. அதைப் பல இடங்களில் இன்னும் கையில் எடுக்கவே இல்லை, எடுத்த இடங்களிலும் பாதி வேலையோடு விட்டுவிடுகிறார்கள்.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாவட்டப் பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டதும் பக்கத்தோடு வந்து பிரவுசரில் ஓடும் சின்ன நிரலான ஸ்கிரிப்ட் மொத்த ஃபார்மையும் சப்மிட் செய்துவிடுகிறது. சர்வர் அந்த மாவட்டத்தின் வட்டங்களை டேட்டாபேஸில் இருந்து எடுக்கிறது, அது விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்கள்தான். ஆனால் அந்தச் சில பெயர்களுக்காகத் தலைப்பு, மெனு, ஓடிக்கொண்டே இருக்கும் அறிவிப்பு, ஏற்கெனவே திரையில் இருந்த 38 மாவட்டங்களின் பட்டியல் என எல்லாவற்றையும் சேர்த்து முழுப் பக்கத்தையும் மறுபடி தயாரித்து அனுப்புகிறது. வட்டத்தைத் தொட்டால் கிராமங்களுக்காக இதே கூத்து இன்னொரு முறை. படங்களைப் பிரவுசர் சேமித்து வைத்திருந்தால் அவை திரும்ப இறங்காது, சரி. ஆனாலும் வந்த பக்கத்தைப் பிரித்து அடுக்கி, ஸ்கிரிப்டுகளை முதலில் இருந்து ஓட்டுவது விலை குறைந்த போனுக்குப் பெரிய வேலை.

இதைவிட மோசம் புகைப்படம். விண்ணப்பத்தில் போட்டோவையும் கையெழுத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் மேலே போய் மாவட்டத்தை மாற்றினால் அந்த ஃபைல் தேர்வு அழிந்துவிடும். இது யாரோ செய்த பிழை அல்ல, பிரவுசரின் பாதுகாப்பு விதி. ஒரு வலைப்பக்கம் தானாகவே உங்கள் கணினியில் இருக்கும் ஃபைலைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்பதால், சர்வர் நினைத்தாலும் அந்தக் கட்டத்தை மறுபடி நிரப்பித் தர முடியாது. பாஸ்வேர்ட் கட்டமும் பெரும்பாலும் அப்படியே காலியாகத்தான் திரும்பி வரும். ஆக முழுப் பக்கத்தையும் திரும்ப வரவழைக்கும் வரைக்கும் எவ்வளவு நல்ல சர்வர் வாங்கிப் போட்டாலும் இந்தக் குறை தீராது.

தீர்வு, எந்தப் பகுதி மாற வேண்டுமோ அதை மட்டும் பின்னணியில் கேட்டு வாங்கி, பக்கத்தின் மற்ற இடங்களைத் தொடாமல் அந்த இடத்தில் மட்டும் வைப்பது. 1999-இல் மைக்ரோசாஃப்ட், பிரவுசரில் மின்னஞ்சல் பார்க்கும் அவுட்லுக் வெப் அக்சஸுக்காக இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் சேர்த்த ஒரு சின்ன வசதியில் இது தொடங்கியது. இன்று அதற்கு எக்ஸ்எம்எல் எச்டிடிபி ரிக்வெஸ்ட் என்று பெயர். பிறகு மொசில்லாவும் சஃபாரியும் அதை எடுத்துக்கொண்டன, 2004-இல் ஜிமெயில் வந்து அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று காட்டியது, 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் என்பவர் எழுதிய கட்டுரையில் அஜாக்ஸ் என்ற பெயரும் கிடைத்தது. ஜாவாக்காரர்கள் அப்போது கொஞ்சம் தவித்தார்கள். சர்வரில் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரலான சர்வ்லெட்டில், எக்ஸ்எம்எல் என்ற குறியிட்ட தரவு வடிவத்தைக் கையால் எழுதி, பிரவுசரில் அதைக் கையாலேயே பிரித்து, ஒவ்வொரு பிரவுசருக்கும் தனித்தனி வழி வைத்து எழுதிய காலம் அது. டிடபிள்யூஆர், அஜாக்ஸ்4ஜேஎஸ்எஃப், ஐஸ்ஃபேசஸ், ரிச்ஃபேசஸ் என்று வரிசையாக நூலகங்கள் வந்தன, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாமல் சண்டையும் போட்டன. வலைப்பக்கங்களை எழுதுவதற்கான ஜாவாவின் தரக் கட்டமைப்பு ஜேஎஸ்எஃப், 2009-இல் வெளியான அதன் 2.0 பதிப்பு அந்தக் குழப்பத்தை முடித்து வைத்தது. அதே வருடக் கடைசியில் வந்த ஜாவா இஇ 6 என்ற சர்வர் தரத்தின் ஒரு பகுதியாகவே அது இருந்ததால், அந்தத் தரத்தை முழுதாகத் தரும் சர்வர்களில் தனியாக எதையும் வாங்கவோ சேர்க்கவோ தேவையில்லை.

மாவட்டப் பட்டியலுக்குள் எஃப்:அஜாக்ஸ் என்று ஒரு டேக், அதில் எதைப் புதுப்பிப்பது என்று சொல்லும் ரெண்டர் என்ற இடத்தில் வட்டப் பட்டியலின் ஐடி, அதாவது அடையாளப் பெயர். அவ்வளவுதான் எழுத வேண்டியது. மாவட்டம் மாறியதும் பிரவுசர் பின்னணியில் சர்வரைக் கேட்கும், சர்வர் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் உறையில் வட்டப் பட்டியலின் எச்டிஎம்எல்லை மட்டும் வைத்து அனுப்பும், ஜேஎஸ்எஃப்போடு வரும் ஸ்கிரிப்ட் அதைப் பிரித்து உரிய இடத்தில் போட்டுவிடும். பெயர், முகவரி, போட்டோ எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் அவற்றை யாரும் தொடவே இல்லை. இதோடு எக்ஸிக்யூட் என்று இன்னொரு பண்பும் உண்டு, எந்தெந்தக் கட்டங்களின் மதிப்பைச் சர்வர் எடுத்துப் பரிசீலிக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. எதுவும் எழுதாமல் விட்டால் தொட்ட அந்தக் கட்டம் மட்டும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பரிசீலிப்பது ஒரு கட்டத்தை என்றாலும் பிரவுசர் அனுப்புவது என்னவோ அந்த ஃபார்மில் நிரப்பியிருக்கும் எல்லா விவரத்தையும்தான். மிக நீளமான விண்ணப்பங்களை ஒரே ஃபார்முக்குள் அடைக்காமல் பிரித்து வைத்தால் போகும் சுமையும் குறையும். ஜேஎஸ்எஃப்புக்கான பிரைம்ஃபேசஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பகுதியை மட்டும் அனுப்பும் வசதி தனியாகவே இருக்கிறது.

இது வரைக்கும் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் இந்தக் கடிதம் எழுதுவதற்குக் காரணம் இதற்கு அப்புறம் வருவது. பாதி வேலை என்று மேலே சொன்னது அதைத்தான்.

முழுப் பக்கமும் போய் வரும் பழைய முறையில் ஒரு நல்லது இருந்தது. ஏதாவது தவறினால் கண்ணுக்குத் தெரியும். பிழைப் பக்கம் வரும், அல்லது லாகின் பக்கம் வரும், திட்டிக்கொண்டே மறுபடி தொடங்குவோம். பகுதியை மட்டும் மாற்றும் முறையில் தவறினால் எதுவுமே நடக்காது. பட்டனை அழுத்துவோம், திரை அப்படியே இருக்கும், மறுபடி அழுத்துவோம், அப்போதும் அப்படியே இருக்கும். இ-சேவை மையத்தில் பின்னால் வரிசை நிற்கும்போது இந்த மௌனம் எவ்வளவு கொடுமை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஏன் மௌனம்? பெரும்பாலும் லாகின் காலம் முடிந்துபோவதால். ஜாவா தளங்களை ஓட்டும் டாம்கேட் சர்வரில் யாரும் மாற்றாமல் விட்டால் செஷன் காலம், அதாவது நாம் எதுவும் செய்யாமல் இருந்தாலும் சர்வர் நம்மை நினைவில் வைத்திருக்கும் நேரம், 30 நிமிடம். விண்ணப்பத்தைத் திறந்து வைத்துவிட்டு, ரேஷன் கார்டு எங்கே, பழைய சான்றிதழ் எங்கே என்று வீட்டில் தேடி எடுத்து வர அரை மணி நேரம் சாதாரணமாக ஆகிவிடுகிறது. திரும்ப வந்து மாவட்டத்தைத் தொட்டால், ஒவ்வொரு கோரிக்கையையும் முதலில் சோதிக்கும் நிரலான பாதுகாப்பு ஃபில்டர், செஷன் இல்லை என்று கண்டு, லாகின் பக்கத்துக்குப் போ என்று 302 என்ற எண் கொண்ட பதிலைக் கொடுக்கிறது. சாதாரணப் பக்கமாக இருந்தால் பிரவுசர் அங்கே போயிருக்கும். பின்னணிக் கோரிக்கையில் பிரவுசர் அந்த 302-ஐத் தானே பின்தொடர்ந்து, லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல்லை வாங்கி வந்து ஸ்கிரிப்டின் கையில் கொடுக்கிறது. ஸ்கிரிப்ட் எதிர்பார்த்ததோ அந்த எக்ஸ்எம்எல் உறையை. புரியாத ஒன்று வந்தால் அது ஒரு பிழையைக் கிளப்பும், ஆனால் அந்தப் பிழையை வாங்கிக்கொள்ள ஒரு ஃபங்ஷனை யாரும் எழுதி வைக்கவில்லை என்றால் அது அப்படியே அடங்கிவிடும்.

அதிலும் பெரிய வில்லங்கம் ஒன்று இருக்கிறது. ஜேஎஸ்எஃப்பில் திட்ட நிலை என்று ஓர் அமைப்பு உண்டு. டெவலப்மென்ட் என்று வைத்திருந்தால், வாங்க ஆள் இல்லாத பிழைக்கு ஒரு எச்சரிக்கைப் பெட்டி திரையில் வரும். புரொடக்‌ஷன் என்று வைத்துவிட்டால் அந்தப் பெட்டியும் வராது. எழுதியவர் தன் மேசையில் சோதிக்கும்போது பிழை கண்ணில் பட்டிருக்கலாம், ஊர் ஜனம் பயன்படுத்தும் இடத்தில் அது முழுக்க மறைந்துவிடும். "எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்ற பதில் பல நேரம் இங்கிருந்துதான் பிறக்கிறது, சொல்கிறவர் பொய் சொல்வதில்லை, ஓடும் தளத்தைத் திறந்து பார்க்கும் அவர் திரையிலும் எந்தப் பிழையும் வருவதில்லை.

சரி செய்வது கடினமும் அல்ல. ஜேஎஸ்எஃப் அனுப்பும் ஒவ்வொரு பின்னணிக் கோரிக்கையிலும் ஃபேசஸ்-ரிக்வெஸ்ட் என்ற ஹெடர், அதாவது தலைக்குறிப்பு, இருக்கும், அதன் மதிப்பு பார்ஷியல்/அஜாக்ஸ். ஃபில்டர் அதைப் பார்த்து, 302-க்குப் பதிலாக அதே எக்ஸ்எம்எல் உறைக்குள் ரீடைரக்ட் என்ற குறிப்பை வைத்து அனுப்பினால் ஸ்கிரிப்ட் தானே பக்கத்தை லாகினுக்குக் கொண்டுபோய்விடும். அதோடு பிழையை வாங்கும் ஃபங்ஷனை எழுதி, "தொடர்பு அறுந்தது, மறுபடி முயலுங்கள்" என்றோ "உங்கள் நேரம் முடிந்துவிட்டது" என்றோ தமிழில் ஒரு வரி காட்டினால் போதும். கூட்டிப் பார்த்தால் சில பத்து வரி கோட். நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எச்சரித்து, தொடரவா என்று கேட்டால் இன்னும் நல்லது.

அடுத்த மௌனம், சரிபார்ப்புப் பிழை. சமர்ப்பி பட்டனை அழுத்தினால் முழு ஃபார்மையும் பரிசீலி, முடிவுப் பகுதியை மட்டும் புதுப்பி என்று எழுதியிருப்பார்கள். பின்கோடு தப்பு என்று சர்வர் கண்டுபிடித்து, அதைச் சொல்லும் செய்தியையும் தயாராக வைத்திருக்கும். ஆனால் செய்தி தோன்ற வேண்டிய இடத்தின் ஐடி ரெண்டர் பட்டியலில் இல்லை. அதனால் அது திரைக்கு வரவே வராது, விண்ணப்பித்தவருக்குப் பட்டன் வேலை செய்யவில்லை என்று மட்டும்தான் தெரியும். இதை நான் பார்க்காத திட்டமே இல்லை என்று சொல்லலாம். இதற்கு உறவுக்காரப் பிரச்சினை ஒன்றும் உண்டு. முதலில் மறைத்து வைத்த பகுதியை, அதாவது காட்டலாமா என்று சொல்லும் ரெண்டர்ட் பண்பைப் பொய் என்று வைத்த பகுதியை, பின்னால் காட்டச் சொல்லி ரெண்டரில் அதன் ஐடியையே கொடுப்பார்கள். மறைத்த பகுதி பக்கத்தில் எழுதப்படவே இல்லை, அந்த ஐடி அங்கே கிடையாது, வைக்க இடமில்லை. எப்போதும் இருக்கும் ஒரு வெளிக்கூட்டுக்குள் அதைப் போட்டு, கூட்டைப் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வட்டப் பட்டியல் அழகாக மாறிவிடுகிறது, எல்லாம் நிரப்பிச் சமர்ப்பித்தால் மட்டும் "மதிப்பு செல்லாது" என்று ஆங்கிலத்தில் ஒரு பிழை வருகிறது, எதனால் என்று யாருக்கும் புரிவதில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த வட்டம் தன் பட்டியலில் இருக்கிறதா என்று ஜேஎஸ்எஃப் சமர்ப்பிக்கும்போது மறுபடி பார்க்கும், போலியான மதிப்பை யாரும் நுழைத்துவிடக் கூடாது என்பதற்காக. பக்கத்தின் தரவைச் சர்வரில் வைத்திருக்கும் பீன் என்ற ஜாவா பொருள் ஒரு கோரிக்கையோடு செத்துப்போகும் வகையாக இருந்தால், அந்த நேரத்தில் வட்டப் பட்டியல் காலியாக இருக்கும். வியூ ஸ்கோப் என்ற வகையும் அதே ஜேஎஸ்எஃப் 2.0-வில்தான் வந்தது, பக்கம் திறந்திருக்கும் வரை பீன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே கொண்டு வந்தார்கள். ஒரு வரியை மாற்றினால் தீர்கிற விஷயம், ஆனால் அந்த ஒரு வரி தெரியாததால் எத்தனை பேர் நெட் சென்டருக்கு இரண்டாவது முறை காசு கொடுக்கிறார்களோ.

தமிழில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. பெயரைத் தமிழில் தட்டினால், பின்னணிக் கோரிக்கையில் பிரவுசர் அதை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில்தான் அனுப்புகிறது, ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். சர்வ்லெட்டில் எழுத்து முறையைச் சொல்லாமல் விட்டால் அது பழைய ஐஎஸ்ஓ 8859-1 என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குறியையும் மூன்று வேற்றெழுத்தாகப் பிரித்துவிடும். தேடல் முடிவு காலி, அல்லது ஆவணத்தில் பெயர் சிதைந்து அச்சாகும். எந்த மதிப்பையும் படிப்பதற்கு முன்னாலேயே எழுத்து முறையை யுடிஎஃப்-8 என்று அமைத்துவிட வேண்டும், படித்த பிறகு அமைத்தால் பலனில்லை. அதனால்தான் அதை ஃபில்டரில், அதுவும் முதல் ஃபில்டரில் வைக்கச் சொல்கிறார்கள்.

தட்டத் தட்டத் தேடல் முடிவு மாறும் கட்டங்களில் வரிசை குழம்புவதும் உண்டு. "திரு" என்று தட்டியதற்கான பதில், "திருவாரூர்" என்று தட்டியதற்கான பதிலுக்குப் பின்னால் வந்து சேர்ந்தால் திரையில் தப்பான பட்டியல் நிற்கும். ஜேஎஸ்எஃப் தன் கோரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அனுப்பும் என்பதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை, 2013-இல் வந்த 2.2-இல் இருந்து தட்டி முடிக்கும் வரை சற்றுப் பொறுக்கவும் சொல்லலாம். ஜேஎஸ்எஃப் இல்லாமல், பின்னணிக் கோரிக்கைக்குப் பிரவுசர் தரும் ஃபெட்ச் வசதியை வைத்துச் சொந்தமாக எழுதுகிறவர்கள் பழைய கோரிக்கையை ரத்து செய்யும் பொறுப்பைத் தாங்களே ஏற்க வேண்டும்.

பார்வையற்றவர்களைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம். முழுப் பக்கம் மாறினால் திரைவாசிப்பான் புதுப் பக்கம் வந்திருக்கிறது என்று சொல்லும். ஒரு பகுதி மட்டும் ஓசையில்லாமல் மாறினால் அதற்குத் தெரியாது, நாம் சொல்ல வேண்டும். செய்தி வரும் இடத்தில் ஏரியா-லைவ் என்ற ஒரே ஒரு பண்பைப் போலைட் என்று வைத்தால் மாறிய வரியை அது தானே வாசித்துவிடும். அந்த வெளிக்கூடு மட்டும் முதலில் இருந்தே பக்கத்தில் இருக்க வேண்டும், செய்தியோடு சேர்த்துக் கூட்டையும் மாற்றினால் சில நேரம் வாசிக்காது. அதே போல, தட்டிக்கொண்டிருக்கும் கட்டத்தையே ரெண்டரில் சேர்த்துவிட்டால் கர்சர் நழுவும். கண் தெரிகிறவர் மறுபடி தொட்டுக்கொள்வார், மற்றவர் எங்கே இருக்கிறோம் என்று தேட வேண்டியிருக்கும்.

இத்தனையும் கேட்டுவிட்டு, அதற்காகத்தான் எல்லாவற்றையும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் புதிதாக எழுதப் போகிறோம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு பல்பு எரியவில்லை என்பதற்காக வீட்டுக்கே ஒயரிங் மாற்றுகிற வேலை அது. வரைபடம், ஆவணத் திருத்தம் மாதிரி கனமான திரைகளுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஒரு விண்ணப்பப் படிவத்துக்குப் பெரிய ஸ்கிரிப்ட் மூட்டையை முதலில் இறக்க வைப்பது, யாருக்காக இந்த வேலை செய்கிறோமோ அவர்கள் மேலேயே செலவை ஏற்றுவது. ஸ்பிரிங் என்ற இன்னொரு ஜாவா கட்டமைப்பில் எழுதுகிறவர்களுக்கு, பக்கத்தின் அச்சான தைம்லீஃப் டெம்ப்ளேட்டின் ஒரு துண்டை மட்டும் எச்டிஎம்எல்லாகத் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறது, அதோடு எச்டிஎம்எக்ஸ் என்ற சின்ன நூலகத்தைச் சேர்த்தால் எங்கே கேட்பது, வந்ததை எங்கே வைப்பது என்பதை எச்டிஎம்எல் பண்புகளாகவே எழுதிவிடலாம். சர்வர் துண்டைத் தயாரிக்கும், பிரவுசர் வைக்கும், ஜேஎஸ்எஃப் பல வருடமாகச் செய்வதும் இதையேதான். ஆனால் ரிச்ஃபேசஸ் வைத்து எழுதி இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் உடனே மாற வேண்டும், அதன் ஆதரவு 2016-இலேயே நின்றுவிட்டது, பாதுகாப்பு ஓட்டை வந்தால் அடைக்க ஆள் இல்லை.

இந்தத் தளங்களை ஒப்பந்தம் போட்டு வாங்கும் அதிகாரிகள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தளத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் அலுவலக வேக நெட்டில் மட்டும் சோதித்துக் கையெழுத்துப் போடாதீர்கள். குரோமின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்துவிட்டு, போட்டோவைச் சேர்த்த பிறகு மாவட்டத்தை மாற்றிப் பாருங்கள். படிவத்தைப் பாதியில் விட்டு, செஷன் காலம் தாண்டி வந்து சமர்ப்பித்துப் பாருங்கள். நடுவில் நெட்டையே துண்டித்துவிட்டுப் பணம் செலுத்தும் பட்டனை இரண்டு முறை அழுத்திப் பாருங்கள். இந்த மூன்றிலும் திரை என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதைச் சொல்லாத தளத்துக்குக் கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
ஜாவா நிரலாளர் ஒருவர்,
மதுரை.